அஸ்தி... நாஸ்தி...

மதியம் இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. சுகாசினி சுவரைப் பார்த்தாள். இனி அந்தக் குரல் வரும்.

வந்தது.

"அஸ்தி..." ஒட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து ஓர் ஆண் குரல். பிறகு, இன்னும் இழுத்து, "நாஸ்தி..."

தூளியில் வீறிட்டுக்கொண்டிருந்த பாப்பா, யாரோ வாயைப் பொத்தியதுபோல் சட்டென்று அடங்கியது. கண்ணை அகல விரித்துச் சுவரையே பார்த்தது. பிறகு மெல்ல இமை சொருகியது.

ஐந்து மாதக் குழந்தை. பிறந்ததும் பதினொரு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தது. சுகாசினி அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது.

மறுபடியும் அதே இழுவை. "அஸ்தி... நாஸ்தி..."

சாம்பல். நாசம். வேறென்ன அர்த்தம்?

ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்டில் இருந்த கணவன் பிரேம்நாத்துக்கு போன் போட்டாள்.

"என்னங்க, இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டாங்க. நாம இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு நாள் ஆச்சு. தினமும் இதே வார்த்தை!"

"கான்வென்ட்ல படிச்ச பொண்ணும்மா நீ. சூனியம் கீனியம்னு பேசிக்கினு..."

"கான்வென்ட்ல இதுக்கு சிலபஸ் இல்லை. நாளைக்கே வேற வீடு பாருங்க."

அப்போதுதான் குரல் மாறியது. வேறு எதையோ, புதிதாய், தட்டுத்தடுமாறிச் சொல்லத் தொடங்கியது.

பாப்பா உடம்பு விறைக்க அலறியது.

குரல் பாதியில் நின்றது. "அழுவுது... அழுவுது..." சுவருக்கு அப்பால் யாரோ கிசுகிசுத்தார்கள். உடனே பழையபடி, "அஸ்தி..."

பாப்பா அடங்கிவிட்டது. சாவி தீர்ந்த பொம்மைபோல்.

சுகாசினி குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளினாள்.

தறிமேடையில் இரண்டு பேர். நெசவுக்காரர் வேலாயுதம், பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர். நடுவே, விரித்த புத்தகம்.

"என் குழந்தையை என்ன செய்றீங்க?"

வேலாயுதம் பதறி எழுந்தார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? நாங்க பாட்டுக்குப் படிச்சிக்கினு இருக்கோம்."

"அஸ்தி, நாஸ்தின்னு ஒரு படிப்பா?"

கண்ணாடிக்காரர் கைகூப்பினார். "நான் அப்பாண்டைராஜ்ம்மா. திருப்பருத்திக்குன்றம். இது எங்க சமண தத்துவம். வடமொழியில அஸ்தின்னா 'இருக்குது'. நாஸ்தின்னா 'இல்லை'. ஒரே பொருள் ஒரு வகையில இருக்குது, இன்னொரு வகையில இல்லை. கரடுமுரடான நூல்மா. ஒரு வரி ரெண்டு பேருக்கும் புரிஞ்சாத்தான் அடுத்த வரி. பன்னெண்டு வருஷமா இப்படித்தான். இன்னும் நாலே பக்கம் பாக்கி."

சுகாசினிக்கு முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை.

"அதுக்காக, இருபத்தாறு நாளா ஒரே வரியா? அப்படியுமா புரியாம போகும்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டும் மரமண்டைம்மா. ஏற மாட்டேங்குது" என்றார் வேலாயுதம் அவசரமாக.

டீ தம்ளரோடு உள்ளிருந்து வந்த அவர் மனைவி அலமு சிரித்தாள்.

"ஏன் புளுகறீங்க ரெண்டு பேரும்? அந்த வரி மொத நாளே புரிஞ்சு போச்சும்மா. அடுத்த வரிக்குப் போனா உன் பாப்பா தூங்க மாட்டேங்குது!"