வேர்க்காத சசிதரன்

“உன்ன இன்னிக்கும் தண்ணிக்குத்தான் போட்டிருக்கேன். மொறைக்காம போய்க் கொடத்தத் தூக்குடா!”

காலையில வேலை பிரிக்கும்போதே சூப்பர்வைசர் மாரிச்சாமி கத்துனாரு. சசிதரன் குடத்தை எடுத்துக்கிட்டு ஓடைப் பக்கம் போயிட்டான்.

எங்களுக்கு வயிறு எரிஞ்சுச்சு. இருபத்தாறு வயசுப் பையன். கொழுந்து பறிக்கிற பொம்பளைங்களுக்குத் தண்ணி சுமக்கறதா வேலை? ஃபேக்டரியில, தேயிலை காயவைக்கிற டிரையர் ரூமுக்கு ஆள் எடுத்தாங்க. நிரந்தர வேலை. சசிதரன் எழுதிக் குடுத்தான். அவன் பேரை அடிச்சுவிட்டதே இந்த மாரிச்சாமிதான்.

“அந்தாளு நல்லா இருப்பானா?” – நான் வாய்விட்டே திட்டியிருக்கேன்.

ஆனா நாங்க மட்டும் என்ன ஒழுங்கு? சசிதரனுக்கு வேர்க்காது. எங்க நடுவட்டம் எஸ்டேட்டு குளிரா இருந்தாலும் மூட்டையோட மேடு ஏறினா எங்களுக்குச் சட்டை நனைஞ்சிரும். அவன் மட்டும் காய்ஞ்ச உடம்போட, மூஞ்சி செவந்து, தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு உக்காந்துருவான்.

“வேர்க்காமலே சம்பளம் வாங்கற ஒரே ஆளு நீதான்டா” – கொழுந்து பறிக்கிற ராஜகுமாரி தினமும் இதையே சொல்லுவா.

நாங்க சிரிப்போம். அவனும் சிரிப்பான், துண்டால வாயை மூடிக்கிட்டு. பல்லு மொத்தமே நாலு. அதுவும் கூர்கூரா இருக்கும். தலையில பூனை முடி.

அது சோம்பேறித்தனம் இல்ல, ஒரு கோளாறுன்னு குன்னூர்ல இருந்து ஜெயஸ்ரீ மேடம் வந்துதான் சொன்னாங்க. படம் வரையறவங்க.

“பொறக்கும்போதே ஜீன்ல வர்றதுங்க. ரொம்ப அபூர்வம். வேர்வையே சுரக்காது. பல்லு, முடி சரியா வளராது. சூட்டுல வேலை செஞ்சா உசுருக்கே ஆபத்து. இப்படி இருக்கறவங்களத் தேடித் தேடி வரையறேன், குன்னூர்ல கண்காட்சி வெக்க. பதினோரு பேரு ஆச்சு. ஆஸ்பத்திரியில உங்க சசிதரனைப் பத்திச் சொன்னாங்க.”

ராஜகுமாரி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எனக்கும் சுருக்குன்னுச்சு.

சசிதரன் ஒத்துக்கல. “வேண்டாங்க மேடம். இங்க படற கிண்டல் போதாதா? இதைக் குன்னூர்ல வேற மாட்டணுமா?”

“வரைஞ்சு முடிச்சதும் நீயே பாரு தம்பி. மாட்டலாம்னு நீ சொன்னாத்தான் கண்காட்சியில மாட்டுவேன். இல்லேன்னா உங்கிட்டயே குடுத்துடறேன்.”

மூணு ஞாயித்துக்கிழமை, கொழுந்து நிறுக்கிற ஷெட்டுப் பக்கம் பெஞ்சு போட்டு உக்காரவெச்சு வரைஞ்சாங்க. மொத வாரமே மாரிச்சாமி வந்துட்டாரு.

“யாரைக் கேட்டு இங்க உக்காந்தீங்க? வெயிலு நேரா அடிக்குதுல்ல? எந்திரிங்க! ஷெட்டுக்குள்ள போங்க!”

லீவு நாள்ல கூட நிம்மதியா விடமாட்டேங்கறானேன்னு பல்லைக் கடிச்சோம்.

மூணாவது வாரம் படம் முடிஞ்சுச்சு. லயத்து வீடுகள்ல இருக்கற ஆளுங்க பூராவும் கூடிட்டோம். மாரிச்சாமியும் கடைசியில வந்து நின்னாரு.

மேடம் துணிய விலக்குனாங்க.

படத்துல சசிதரன் வாய்விட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தான். நாலு பல்லும் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. தலையில ஊத்துன தண்ணி நெத்தியில வழியுது. கையில துண்டு இல்ல. ஆத்தாடி, இவன் இத்தனை அழகா!

சசிதரன் படத்தையே பாத்துக்கிட்டு நின்னான். கை தன்னால வாய்ப்பக்கம் போச்சு. பாதியில நின்னுச்சு. மெதுவாக் கீழ எறக்கிட்டான்.

“மாட்டுங்க மேடம்! நானும் வந்து பக்கத்துல நிக்கறேன். யாரு இதுன்னு கேட்டா, நான்தான்னு சொல்றேன்!”

சொல்லிட்டு, எங்க எல்லாரு முன்னாடியும் அப்படியே வாய் தொறந்து சிரிச்சான். விசில் பறந்துச்சு. மொதல்ல கை தட்டுனது ராஜகுமாரிதான். கண்ணுல தண்ணியோட தட்டுனா.

அப்பத்தான் மாரிச்சாமி கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னால வந்தாரு. போச்சு, நல்ல நேரத்துல வந்து கெடுக்கப் போறான்னு நெனச்சேன்.

“மேடம், இன்னொரு படம் வரைய முடியுங்களா?”

“முடியுங்க சார். யாரை வரையணும்?”

மாரிச்சாமி காதுவரைக்கும் இழுத்து மாட்டியிருந்த கம்பளிக் குல்லாயைக் கழட்டுனாரு. இந்தக் குளிர்ல குல்லா போடாதவங்க யாரு? நாங்க அதைக் கவனிச்சதே இல்ல. உள்ள, சசிதரன் தலை மாதிரியே பூனை முடி. அப்புறம் வாய்க்குள்ள விரலை விட்டு, மேல் பல்செட்டு, கீழ் பல்செட்டு ரெண்டையும் எடுத்துக் கைக்குட்டையில வெச்சாரு. அவருக்கும் சசிதரனுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல.

“சார்... நீங்களுமா?” சசிதரன் அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டான்.

“ஆமாடா. வாலிபத்துல டிரையர் ரூம்ல சேந்தேன். மூணாம் நாளு மயங்கி விழுந்து, பொழைச்சதே பெரும்பாடு. அதனாலதான் உன் பேரை அடிச்சேன், தண்ணிப் பக்கமே போட்டேன். ஏன்னு நீ கேட்டா இந்தக் குல்லாயைக் கழட்ட வேண்டி வருமேன்னு பயந்துதான்டா, வாயத் தொறக்க விடாமத் திட்டிக்கிட்டே போட்டேன்.”

மாரிச்சாமியும் அவன் பக்கத்துல வந்து உக்காந்தாரு.

“வரைங்கம்மா. இப்படியே வரைங்க.”