வயிற்று வார்

சேணத்தோடு சரிந்து விழுந்து இடது முட்டியில் கம்பி வைத்துக்கொண்ட செலின், இருபத்தாறு வருஷம் கழித்துக் குதிரையேற வந்திருந்தாள். பயிற்சியாளர் ஜாபர் ஏறுவதற்கு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"சேணத்தோட வயித்து வாரை நல்லா இறுக்கிட்டேன்மா. பயப்படாம ஏறுங்க, கயித்த நான் பிடிச்சுக்கிறேன்."

செலின் குதிரையின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டு நின்றது.

"யாருகிட்ட" என்றாள் அதன் காதில்.

நாலு எட்டு நடத்தியதும் குதிரை மூச்சை விட்டது. இறுக்கிய வாருக்குள் அவளுடைய கை முழுசாக நுழைந்தது. இரண்டு துளை ஏற்றி மாட்டினாள்.

ஜாபர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கயிற்றைக் கழற்றிச் சுருட்டி, ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே போய்விட்டார்.

செலின் கம்பி வைத்த காலைத் தூக்கிச் சேணத்திலிருந்து தொங்கிய அங்கவடியில் வைத்தாள். குதிரை ஒரு காதை மட்டும் அவள் பக்கம் திருப்பிக் காத்திருந்தது.