வீட்டுக்காரர் முறை

"அதைக் குத்தாத. அடைப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

கையில் கம்பியோடு சிங்க்குக்கு அடியில் குந்தியிருந்தவளுக்குத் தலை சுற்றியது. இன்னும் அரை மணி நேரத்தில் ஜெபக்கூட்டத்துக்கு இருபது பேர் வரப்போகிறார்கள், அதுவும் முதல் முறையாக இந்த வீட்டுக்கு. இன்றைக்குப் பார்த்துதானா குழாய் அடைத்துக்கொள்ள வேண்டும்? கறுப்புத் தண்ணீர் மேலே ஏறி வீடே நாறிக் கிடக்கிறது. இவள் வீட்டுக்காரரோ கதவில் சாய்ந்துகொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இன்னைக்குக் கூட்டத்துல நான் பேசப்போறேன்."

அவள் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். எந்த வீட்டில் கூடுகிறார்களோ, அந்த வீட்டுக்காரர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். இந்த வாரம் ஆண்டவரை எங்கே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பெரிய அற்புதமெல்லாம் தேவையில்லை. பஸ்ஸில், ஆபீஸில், அடுப்படியில் பார்த்தது போதும். மற்ற வீடுகளில் இவரைக் கேட்டால், "அடுத்த ஆளைக் கேளுங்க" என்று தலையைக் குனிந்துகொள்வார். ஃபாக்டரி கேண்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்த மனுஷன். அடுப்பிலிருந்து இறக்கிக் காய் நறுக்க உட்கார வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஆண்டவரோடு டூ விட்டிருக்கிறார். அந்தக் கோபத்தையெல்லாம் வந்தவர்கள் முன்னால் கொட்டிவிடுவாரோ என்ற பயம்தான் வாரம் முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை.

"நீங்க பேச வேணாம். நானே ரெண்டு வார்த்தை சொல்லிச் சமாளிச்சிடுறேன்."

"அதெப்படி? வீட்டுக்காரர் முறையாச்சே."

அவர் நகர்ந்ததும் அவசர அவசரமாகக் கம்பியை விட்டுக் குத்தினாள். கொளகொளவென்று தண்ணீர் இறங்கியது. வாசனை ஸ்ப்ரேயை எடுத்து அடிக்கப் போனால், ஓடி வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"இது வேணாம். ஜன்னலைத் திற, போதும்."

முன்னறையிலிருந்து மகள் கத்தினாள். "அம்மா, அப்பாவைப் பாரும்மா. என் பழைய ஷூவைக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. தலை பிசுபிசுன்னு எண்ணெயா இருக்குன்னு சொல்றேன், விடாம முத்தம் கொடுக்குறாரு."

அவள் அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "உண்மையைச் சொல்லுங்க. குடிச்சிருக்கீங்களா?"

அவர் கிட்டே வந்து முகத்தில் ஊதிக் காட்டினார். சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. குடித்திருந்தாலாவது படுக்க வைத்துக் கதவைச் சாத்தியிருக்கலாம்.

ஆறு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். கூட்டத்தை நடத்தும் டீச்சர் அக்கா உள்ளே நுழையும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"சிங்க் அடைச்சுக்கிச்சுக்கா. தப்பா நினைக்காதீங்க."

"அதுக்கென்ன தங்கச்சி, எல்லார் வீட்டுலயும் நடக்கறதுதான்."

பாட்டு முடிந்தது. டீச்சர் அக்கா இவர் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்றீங்களா, இல்ல அடுத்த ஆளைக் கேட்கட்டுமா?"

"நானே சொல்றேன்க்கா."

எழுந்தே நின்றுவிட்டார். கால் தரையில் பாவவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் நான் ஆண்டவரை எங்க வீட்டு சிங்க் அடைப்புல பார்த்தேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பேங்க் அண்ணன் தொண்டையைச் செருமினார். அவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. சட்டை நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவர் உட்காருவதாக இல்லை.

"அப்புறம் என் மக ஷூவுல பார்த்தேன். அவ தலை எண்ணெயில பார்த்தேன்."

"தம்பி, ஆண்டவர் காரியத்துல விளையாடாதீங்க." டீச்சர் அக்காவின் முகம் இறுகிவிட்டது.

"விளையாடலக்கா." அவருக்குக் கண்ணீர் வழிந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த காய்ச்சல் என் மூக்கைப் பறிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, வாசனை தெரியாதவன் கையில எவன் கரண்டியைக் கொடுப்பான்? இன்னைக்கு வேலை முடிஞ்சு வீட்டு வாசல்ல காலை வச்சதும், எனக்கு இந்தச் சாக்கடை நாத்தம் அடிச்சுதுக்கா."