நடுவில் நின்ற ஆள்

“இடுப்பு கழண்டு போச்சுலா ஷாமினி. இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே குந்தியிருக்கிறது?”

“அசையாதீங்கண்ணே, மௌஸ் நழுவிடும்!”

நாளைக்குக் கல்யாணம். ஷாமினியின் இரண்டு கைகளிலும் முழங்கைவரை ஈர மருதாணி. எதையும் தொட முடியாது. தான் ஓட்டும் ஃபேக்டரி வேனில் கொண்டுவந்த வாழைமரங்களை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்த மணியம், அவளுடைய லேப்டாப்பில் மாட்டிக்கொண்டார்.

மெர்லிமாவ் மண்டபத்துத் திரைக்கு ஆறு மணிக்குள் ஸ்லைடு போயாக வேண்டும். அதில் தங்கா பத்து கடற்கரையில் அவளும் புவனேஷும் முதன்முதலாக எடுத்துக்கொண்ட படம்தான் வர வேண்டும். வேறு எதுவும் ஆகாது. ஒரே தொல்லை, இருவருக்கும் நடுவில் ஒரு ஆள்.

“மொதலாளி மாதிரி நிக்கிறாரு பாருங்க. அவரு தொப்பை புவனேஷ் கையையே மறைச்சிருச்சு!”

“நல்ல ஆளும்மா. அவரு இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் பேசியே இருக்க மாட்டீங்க.”

“அதுக்காக எங்க கல்யாணத்துலயும் நடுவுல நிக்கணுமா? வெட்டுங்கலா!”

மணியம் ஓர் இதய வடிவத்தை இழுத்து அந்த ஆளை முழுசாக மூடினார்.

“மொதல்ல படத்தைத் தொடுங்க. அப்புறம் ஹார்ட். இப்ப மெர்ஜ் ஷேப்ஸ். அதுல கடைசியா இருக்கும் பாருங்க, சப்ட்ராக்ட். அதுதான் வெட்டும்.”

மணியத்தின் தடித்த விரல் கடைசிக்கு முந்தியதைத் தட்டியது.

பெண்ணைக் காணோம். மாப்பிள்ளையைக் காணோம். கடலையும் காணோம். ஒரு பெரிய இதயம். அதற்குள் அந்த ஆள் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“ஐயோ, இவரையா நான் கட்டிக்கப் போறேன்!” ஷாமினி சிரித்துச் சிரித்துச் சரிந்ததில் மருதாணி கன்னத்தில் அப்பியது. “அன்டூ பண்ணுங்கண்ணே! அவரு பொண்டாட்டி பார்த்தா பாராங் கத்தியைத் தூக்கிக்கிட்டு வந்துரும்.”

“வரும், வரும். எனக்குத் தெரியாதா?”

இந்த முறை சரியாகத் தட்டினார். ஆள் போய்விட்டார். இருவருக்கும் நடுவில் இதய வடிவத்தில் ஓர் ஓட்டை.

“அந்த ஓட்டையில எங்க பேர அடிங்க!”

ஒற்றை விரலால் அடித்தார். அனுப்பினார். மணி ஆறாகச் சில நிமிடங்கள் இருந்தன. ஷாமினி மருதாணிக் கைகளைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் குதித்தாள்.

மணியம் முனகிக்கொண்டே எழுந்தார். இடுப்பில் கையை ஊன்றி, தொப்பையை முன்னே தள்ளி, பல்லைக் காட்டினார். வெட்டி எடுத்த ஆள் படத்தில் நின்றதும் அப்படியேதான்.

“வெட்டுனதும் நானு, வெட்டுப்பட்டதும் நானு. ஃபேக்டரி வேன்ல பக்கத்துப் பக்கத்து சீட்டு கொடுத்து உங்களைச் சேர்த்து வச்சவனுக்கு மாப்பிள்ளை தர்றேன்னு சொன்ன வேட்டி சட்டை, இன்னும் பாக்கிலா!”