ரசனை கெட்ட திருடன்

வாசகசாலைச் சுவரில் கடிகாரம் தொங்கிய இடத்தில் வெளுத்த வட்டம் மட்டும் இருந்தது. தொன்மை காப்போர் சங்கத்து உறுப்பினர்கள் அதைச் சுற்றி இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள்.

ஊரில் எந்தப் பழைய கட்டடம் விழப் பார்த்தாலும் வசூல் செய்து முட்டுக் கொடுக்கிற சங்கம் அது. இப்போது சங்கத்தின் சொந்தக் கட்டடமான இந்த வாசகசாலையின் கூரையே ஒழுகியது. தூறல் போட்டால் போதும், மேஜைக்கு மேலே குடை விரித்துக்கொண்டுதான் கூட்டம். கடிகாரத்தைப் பழம்பொருள் வியாபாரிக்கு விற்றுக் கூரையைச் சரிசெய்வதென்று தலைவி டாக்டரம்மா முடிவு செய்தார். இன்று காலை வியாபாரி வந்து எடுத்துப் போக வேண்டியது. அதற்குள் யாரோ ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

எல்லோரையும்விட இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவர் செயலாளர். தினமும் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர் அவர்தான். கட்டடத்தில் ஓர் ஆணி அடித்தால்கூடத் தன் நெஞ்சில் அடித்ததுபோல் துடிக்கிற மனுஷர். போன மாதம் ஜன்னலில் விரிசல் விட்ட ஒரு கண்ணாடியை மாற்றியதற்கே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"வித்தாலும் இந்த ஊர்லதானே இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன் மேடம். இப்ப எங்க கிடக்கோ!" என்று இன்ஸ்பெக்டரிடம் மூக்கை உறிஞ்சினார்.

இன்ஸ்பெக்டர், டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"சந்தேகம் என்ன சந்தேகம்? இவன்தான்!" டாக்டரம்மா கதவோரம் நின்ற வியாபாரியைக் காட்டினார். "அடிமாட்டு விலைக்குக் கேட்டான். ஒரு வழியா விலை படிஞ்சப்பவும், 'காசு கொடுத்து வாங்கணும்னு என் தலையெழுத்தா'ன்னு முணுமுணுத்துட்டேதான் போனான்."

"அது வியாபாரப் பேச்சும்மா!" வியாபாரிக்கு வியர்த்துக் கொட்டியது. "நேத்து ராத்திரி பூரா நான் கடையிலதான் படுத்திருந்தேன்."

"யார் சாட்சி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடையில இருக்கிற சிலைங்களைத்தான் கேக்கணும்..."

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, கான்ஸ்டபிள் வியாபாரியின் தோளில் கை வைத்தார். வியாபாரி சாமி சத்தியமாகத் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அழ ஆரம்பித்தார். செயலாளர் தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "கடிகாரத்தை எடுத்தே, சரி. அந்த ஜன்னல் உன்னை என்னடா பண்ணிச்சு? நூறு வருஷத்துக் கண்ணாடிடா அது! பழசோட அருமை தெரியாத ஜென்மம்!"

"உண்மைதாம்மா," என்று இன்ஸ்பெக்டரும் உச்சுக்கொட்டினார். "எவ்வளவு அழகான ஜன்னல்! இதைப் போய் உடைச்சிருக்கான்னா அவன் சுத்த ரசனை கெட்ட காட்டானாத்தான் இருக்கணும்."

செயலாளரின் முகம் சிவந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யாரு மேடம் காட்டான்? பழசு ஒண்ணுலயும் கை படாம, போன மாசம் போட்ட புதுக் கண்ணாடியாப் பார்த்துத்தானே உடைச்சேன்!"