வெள்ளையடிக்காத சுவர்

“பொங்கலுக்கு வெள்ளையடிக்காம எவன்டே இருப்பான்? நீயுந்தான அடிச்ச?”

“அடிச்சேன். தண்ணி நின்ன தடத்தக் காட்டுன்னு இவரு வந்து நிப்பாருன்னு நான் கனாவா கண்டேன்?”

மழைநீர் வாய்க்கால் எந்தெந்தத் தெருவுக்கு என்று திட்டம் போட, பேரூராட்சி ஓவர்சியர் டேப்போடு வந்திருந்தார். ஐப்பசி வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று சுவரில் பார்த்துத்தான் எழுதுவாராம். தெருவில் எல்லாச் சுவரும் பளிச்சென்று இருந்தன.

சண்டை ஓய்ந்து எல்லோரும் செண்பகவல்லியின் வீட்டைப் பார்த்தார்கள். அந்த வெள்ளத்தில் சாவு விழுந்த வீடு. வருஷம் திரும்பும்வரை வெள்ளையடிக்கக் கூடாது. உள்ளே பழுப்புக் கோடு அப்படியே இருந்தது. காலில் மாவுக்கட்டோடு அவள் புருஷன் அன்று எழ முடியாமல் படுத்திருந்த கட்டிலுக்கு இரண்டு சாண் மேலே. அன்றைக்கு மில்லிலிருந்து திரும்பிய அவளால் தெருவுக்குள் நுழையவே முடியவில்லை.

ஓவர்சியர் அளந்துகொண்டார். “இன்ஜினியர் வந்து பாக்குற வரைக்கும் அழிச்சிராதம்மா. இந்தத் தெருவுக்கு இது ஒண்ணுதான் சாட்சி.”

இன்ஜினியர் வரவேயில்லை. மறுபடி ஐப்பசி பிறந்து, தலைத்திவசமும் முடிந்துவிட்டது. அவள் அண்ணன் சுண்ணாம்பு கரைத்து வைத்திருக்கிறான்.

“இன்னும் ஒரு மாசம் பொறுங்க மதினி. வாய்க்கா வந்தா தெருவே பொழைக்கும்” என்கிறார் எதிர்வீட்டு சுடலைமுத்து.

“ஒரு நாள் அந்தக் கோட்டுக்கு முன்னால உக்காந்து ஒரு வாய் சோறு தின்னு பாருங்க” என்கிறாள் அவள்.

வெளியே தூறல் விழுகிறது. வெள்ளையடிக்கும் மட்டையைக் கையில் பிடித்தபடி சுவருக்கு முன்னால் நிற்கிறாள். அடிக்கட்டுமா, விடட்டுமா? உங்களுக்குத் தோன்றுவதை அவளுக்கு எழுதுங்கள்.