பச்சை நூல் வலை

கோடை விடுமுறை விட்டதும் சுகந்தி டீச்சருக்குப் பேச ஆளில்லை. ஒரு வாரம் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எட்டாம் நாள் பச்சை நூல்கண்டோடு பால்கனியில் வந்து உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தாள்.

“நூல்தான் தடிமன். முடிச்சில் குறை சொல்ல முடியாது,” என்றது மூலையில் வலை கட்டியிருந்த சிலந்தி.

“பத்து நாளாகப் பின்னுகிறாள், ஒரு கொசுகூட விழவில்லையே,” என்றது பல்லி.

“பொறு. ஒரு கண்ணி தவறினால்கூட நாலு வரிசையைப் பிரித்துப் பின்னுகிறாளே, பெரிதாக ஏதோ பிடிக்கப்போகிறாள்.”

பின்னி முடித்ததை டீச்சர் பால்கனிக் கம்பியில் இழுத்துக் கட்டினாள். பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் தொட்டியிலேயே துவண்டு கிடந்த பாகற்கொடியை மெல்ல எடுத்து அதில் ஏற்றிவிட்டாள். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினாள். மாதம் முடிவதற்குள் கொடி வலை முழுக்கப் படர்ந்து மஞ்சளாகப் பூத்தது. அதன் எதிரே உட்கார்ந்து டீச்சர் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

“ஏதாவது விழுந்ததா?” என்று கேட்டது பல்லி.

சிலந்தி தன் வலையின் விளிம்புவரை வந்து அந்தப் பூக்களைப் பார்த்தது.

“விழுந்தது. ஆனால் என் வலையில் விழுந்த எதுவும் இப்படிப் பூத்ததில்லை.”